ஆடலும் நாடகமும் ஒருசேரக் கற்றல்: பல்கலைக்கழகக் கல்வியில் கூத்து மரபின் இடம்

1. முன்னுரை

தமிழை இயல், இசை, நாடகம் என மூன்றாகப் பகுத்துக் காண்பது நம் மரபு. இம்மூன்றனுள் ஆடற்கலைக்கு உரிய இடம் யாது என்னும் வினாவை முதலாண்டு மாணவர்முன் வைக்குந்தோறும் வகுப்பறையில் ஒரு தயக்கம் தோன்றக் காண்கிறோம். இசையோடு சேர்த்துக் கூறுவோர் சிலர். நாடகத்தின் கிளை என்போர் சிலர். தமிழ்ப் பாடத்திற்கும் ஆடலுக்கும் தொடர்பில்லை, அது மாலை வேளையில் நடனப் பள்ளியில் கற்பது என்போரே பலர்.

இம்மூன்றாவது விடையை மாணவரின் அறியாமை எனத் தள்ளிவிட இயலாது. நம் கல்விச் சூழல் அவர்களுக்குக் கற்பித்த விடை அது. பத்தாண்டுகள் பரதநாட்டியம் பயின்று அரங்கேற்றமும் கண்ட மாணவியர் ஆண்டுதோறும் நம்மிடம் வருகின்றனர். அவர்களுள் சிலர் பதங்களின் பாடல் அடிகளை உரோமன் எழுத்தில் எழுதி மனனம் செய்தவர்கள். கையும் கண்ணும் பொருளைப் பிழையறக் காட்டும். பாடலின் ஓரடியைச் சுட்டி அதன் பொருளைக் கேட்டால், ஆசிரியர் சொல்லித்தந்த கதைச் சுருக்கமே விடையாக வரும். மற்றொரு புறம், இடைநிலைப்பள்ளி நாடகப் போட்டிகளில் பரிசு பெற்ற மாணவர்கள் வருகின்றனர். அவர்கள் உச்சரிப்பில் குறை காண்பதரிது; ஆனால் மேடையில் ஒலிவாங்கியை விட்டு அகலமாட்டார்கள். வசனம் முடிந்தபின் கைகளை எங்கே வைப்பது என்பதே அவர்களுக்குப் பெரும் சிக்கலாக இருக்கிறது.

இவ்விரு திறத்தாரும் ஒரே வகுப்பில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றனர். ஒருவர் பெற்றதை மற்றவர் பெறுதற்கு வழி செய்யாமலேயே அவர்களைப் பட்டதாரிகளாக்கி அனுப்பிவிடுகிறோம். இந்நிலையில், ஆடலையும் நாடகத்தையும் பல்கலைக்கழகத்தில் ஒருசேரக் கற்றல் என்பது யாது, அதற்கு மரபில் உள்ள அடிப்படை எத்தகையது, அதனை எவ்வாறு கற்பிக்கலாம், எதிர்ப்படும் தடைகள் யாவை என்பவற்றை விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. கூத்து என்னும் பொதுச்சொல்

இன்று 'நடனம்' என்றும் 'நாடகம்' என்றும் இரு வேறு கலைகளாக நாம் வழங்குவனவற்றைப் பண்டைத் தமிழர் 'கூத்து' என்னும் ஒரு சொல்லால் குறித்தனர். ஆற்றுப்படைக்கு இலக்கணம் கூறும் தொல்காப்பியர் கூத்தர், பாணர், பொருநர், விறலி ஆகியோரை ஒருங்கே வைத்துப் பேசுகிறார். அகத்திணையியலில் அவர் ஆளும் 'நாடக வழக்கு' என்னும் தொடர், உலகியலிலிருந்து தெரிந்தெடுத்துப் புனைந்து காட்டும் முறையைச் சுட்டுகிறது. சிலப்பதிகாரம் ஆடல்மகளாகிய மாதவியை 'நாடகக் கணிகை' என்கிறது. ஆடுபவள் நாடகத்துக்கு உரியவள் என்பதில் இளங்கோவடிகளுக்கு ஐயமில்லை.

வடமொழி மரபும் இதற்கு மாறுபட்டதன்று. பரதரின் பெயரால் வழங்கும் நாட்டிய சாஸ்திரத்தை இன்று பலர் நடன நூல் எனக் கருதுகின்றனர். உண்மையில் அது நாடக நூலாகும். அரங்க அமைப்பு, பாத்திர வகை, மொழிநடை, ஒப்பனை, இசை, பார்வையாளர் ஆகிய அனைத்தும் அதன்கண் பேசப்படுகின்றன. 108 கரணங்களாகிய ஆடலும் அவற்றோடு ஒரு கூறாக இடம்பெறுகிறது. உடலால் காட்டும் ஆங்கிகம், சொல்லால் காட்டும் வாசிகம், ஒப்பனையால் காட்டும் ஆகாரியம், உள்ளத்தின் விளைவாக மெய்யில் தோன்றும் சாத்துவிகம் என்னும் நால்வகை அபிநயத்தில் இன்றைய நடன வகுப்பு முதலாவதையே பெரிதும் பற்றிக்கொண்டது. நாடக வகுப்பு இரண்டாவதைப் பற்றிக்கொண்டது.

3. அரங்கேற்று காதை காட்டும் கல்விமுறை

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை நம் மாணவர் இலக்கியப் பாடமாகவே பயில்கின்றனர். அதனை ஒரு பாடத்திட்டமாகவும் படிக்க இயலும். மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சியைத் தொடங்குகிறாள்; ஏழாண்டுகள் பயின்று பன்னிரண்டாம் அகவையில் சோழ மன்னன் முன்னிலையில் அரங்கேறுகிறாள். அவளை உருவாக்கிய ஆசிரியர் ஒருவரல்லர். ஆடலாசிரியன், இசையாசிரியன், புலவன், தண்ணுமை ஆசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் என அறுவரின் தகுதிகளையும் காப்பியம் நிரல்பட உரைக்கிறது.

இங்கு நாம் ஊன்றி நோக்கவேண்டியது, ஒவ்வோர் ஆசிரியரும் தம் துறையோடு பிற துறைகளையும் அறிந்திருக்கவேண்டும் என்னும் நியதியாகும். ஆடலாசிரியன் பிண்டி, பிணையல், எழிற்கை, தொழிற்கை ஆகிய கைவகைகளை அறிந்தால் மட்டும் போதாது. பாடலும் கருவியும் அறிந்திருத்தல் வேண்டும். புலவனோ தமிழை முழுதும் அறிந்தவனாக இருப்பதோடு, வேத்தியல், பொதுவியல் என்னும் இருவகை நாட்டிய நூலையும் கடைப்பிடித்தவனாக இருத்தல் வேண்டும். தமிழறிந்தவன் ஆடலையும் அறிந்திருக்கவேண்டும் என்பது அக்காலத்து எதிர்பார்ப்பு. இன்றைய தமிழ்த்துறைகளில் இந்தத் தகுதியை எத்துணைப் பேரிடம் காணமுடியும் என்று நம்மை நாமே வினவிக்கொள்ளலாம்.

அரங்கின் அளவும் அங்கே சொல்லப்பட்டுள்ளது. இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல். அக்கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமும் உடையது அரங்கம். ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என மூவகைத் திரைகள் தொங்கின. தூண்களின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு விளக்கு வைக்கப்பட்டது. பெருவிரலின் அகலத்தை இரண்டு சென்டிமீட்டர் எனக் கொண்டு கணக்கிட்டால், அகலம் மூன்றரை மீட்டருக்குள்ளும் நீளம் நான்கு மீட்டருக்குள்ளும் அமையும். வகுப்பறைத் தரையில் ஒட்டுநாடாவால் இவ்வளவைக் குறித்து மாணவரை அதனுள் நிற்கச் செய்தால், கண்ணசைவும் எல்லார்க்கும் புலப்படும் அளவுக்கு அது சிறிய அரங்கம் என்பதை அவர்கள் உடனே உணர்வர். நூலில் படித்தது உடலுக்கு விளங்கும் இடம் இதுவாகும்.

4. பிரிவு நேர்ந்த வரலாறு

ஒன்றாயிருந்த இக்கலை இரண்டானது எவ்வாறு? தமிழ்நாட்டில் 19ஆம் நூற்றாண்டில் பொன்னையா, சின்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகிய தஞ்சை நால்வர் அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான நிகழ்ச்சி முறையை வகுத்தனர். அது ஒருவர் ஆடும் கச்சேரி வடிவமாக நிலைபெற்றது. அதே நூற்றாண்டின் பிற்பகுதியில் பார்சி நாடகக் குழுக்களின் செல்வாக்கால் திரைச்சீலை மேடையும் வணிக நாடகக் குழுக்களும் பெருகின. சங்கரதாஸ் சுவாமிகளின் (1867-1922) நாடகங்களில் இசை மேலோங்கி நின்றது. 1891இல் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்த பம்மல் சம்பந்த முதலியார் உரைநடை நாடகத்தை வளர்த்தார். இவ்வாறு ஆடல் ஒரு மேடைக்கும் வசனம் மற்றொரு மேடைக்கும் உரியனவாயின. 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய ருக்மிணிதேவி அருண்டேல் 1944இல் குற்றாலக் குறவஞ்சியை நாட்டிய நாடகமாக மேடையேற்றியதை இப்பிரிவை மீண்டும் இணைக்கும் முயற்சியாகக் கொள்ளலாம்.

மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் பிரிவுக்குக் காரணம் வேறு. அங்கு நாடகம் இலக்கியத் துறையின் நிழலில் வளர்ந்தது. அமெரிக்காவில் நாடகத்துக்கான முதற் பட்டப்படிப்பு 1914இல் பிட்ஸ்பர்க் நகரின் கார்னகி தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கியது. பிரிட்டனில் முதல் நாடகத்துறை 1947இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் அமைந்தது. நடனமோ மகளிர் உடற்கல்வியின் வழியாகப் பல்கலைக்கழகத்தினுள் நுழைந்தது. 1926இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய முதல் நடனப் பட்டப்படிப்பு உடற்கல்விப் பிரிவினுள்ளேயே பிறந்தது. ஒன்று நூலகத்திலிருந்தும் மற்றொன்று உடற்பயிற்சிக் கூடத்திலிருந்தும் வந்தமையால் இரண்டும் தனித்தனி வாயில்களைப் பெற்றன. பின்னர் இரண்டையும் இணைத்துப் பயிலும் பட்டங்களைப் பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் சில தொடங்கின.

ஆசியப் பல்கலைக்கழகங்கள் அத்துறைப் பகுப்பைப் பெரும்பாலும் அவ்வாறே ஏற்றுக்கொண்டன. மலேசியாவில் 1994இல் தேசியக் கலைக்கழகமாகத் தொடங்கி 2006இல் அஸ்வாரா எனப் பெயர்பெற்ற நிறுவனத்திலும் நடனத்திற்கும் நாடகத்திற்கும் தனித்தனிப் புலங்களே உள்ளன. நம் சமூகத்திலோ, தோட்டப்புற ஆலயத் திருவிழாக்களில் ஆடலும் பாடலும் வசனமும் கலந்த நாடகங்கள் விடிய விடிய நடந்ததை மூத்த தலைமுறையினர் இன்றும் நினைவுகூர்வர். மக்கள் தோட்டங்களை விட்டு நகர்ப்புறங்களுக்குப் பெயர்ந்தபின் ஆடல் நடனப் பள்ளிகளிலும் நாடகம் பள்ளிப் போட்டிகளிலும் ஒதுங்கின.

5. மெய்ப்பாட்டின் நான்கு நிலைகள்

இரண்டையும் ஒருசேரக் கற்பதால் விளையும் பயனை விளக்கத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலுக்குப் பேராசிரியர் எழுதிய உரை நமக்குத் துணைசெய்கிறது. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடுகள் எட்டு. ஒவ்வொன்றும் நான்கு நிலைகளில் நிகழ்கிறது. சுவைக்கப்படும் பொருள் முதல் நிலை. அதனைப் பொறிகள் உணர்வது இரண்டாம் நிலை. உள்ளத்தில் எழும் குறிப்பு மூன்றாம் நிலை. அதன் விளைவாக உடம்பில் தோன்றும் வேறுபாடாகிய சத்துவம் நான்காம் நிலை.

புலியைக் கண்டு அஞ்சும் ஒருவனை எடுத்துக்கொள்வோம். புலி பொருள், அதனைக் கண்டதும் உறுமலைக் கேட்டதும் உணர்வு, 'இனித் தப்ப இயலாது' என உள்ளம் கலங்குவது குறிப்பு, நடுக்கமும் வியர்வும் சத்துவம். உலகியலில் இந்நான்கும் இதே வரிசையில் நிகழ்கின்றன.

கலைப்பயிற்சியில் வரிசை மாறுகிறது. நடன மாணவி நான்காம் நிலையிலிருந்து தொடங்குகிறாள். அச்சத்துக்குரிய கண், புருவம், கழுத்து, கை, நடை ஆகியவற்றை ஆசிரியர் காட்டித் தருகிறார். அவள் அவற்றைச் செம்மையாகப் பின்பற்றுகிறாள். எதிரே என்ன புலி, எவ்வளவு தொலைவில் நிற்கிறது, ஓட வழியுண்டா என்பவை பல வேளைகளில் கேட்கப்படுவதில்லை. நவீன நாடக மாணவனோ முதல் நிலையிலிருந்து தொடங்குகிறான். ரஷ்ய நாடக அறிஞர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863-1938) வகுத்த முறையில், பாத்திரம் நிற்கும் சூழல் யாது, அதற்கு வேண்டியது யாது என்னும் வினாக்களே பயிற்சியின் தொடக்கம். அவன் புலியை நன்றாகக் கற்பனை செய்துகொள்வான். அச்சத்தை உள்ளத்தில் உணரவும் கூடும். ஆயினும் பயிற்சி பெறாத அவன் உடலில் அவ்வச்சம் தோன்றாது. கடைசி வரிசையில் இருப்பவருக்கு அவன் சும்மா நிற்பதாகவே தோன்றும்.

ஆடலையும் நாடகத்தையும் ஒருசேரப் பயிலும் மாணவர் இப்பாதையில் இரு திசைகளிலும் நடக்கக் கற்கிறார். ஸ்தனிஸ்லாவ்ஸ்கியே தம் பிற்காலத்தில், உடற்செயலைச் சரியாகச் செய்வதன் வழி உள்ளத்துணர்வை எழுப்பலாம் என்னும் முறைக்கு வந்தார் என்பது இங்கு நினைக்கத்தக்கது. இரு கல்விகளும் சந்திக்கும் இடம் மூன்றாம் நிலையாகிய குறிப்பாகும். நடன மாணவிக்கு அங்குச் சென்றடையச் சொல்லின் பொருளறிவு வேண்டும். நாடக மாணவனுக்கு அங்கிருந்து வெளிவர உடற்பயிற்சி வேண்டும்.

6. ஒரு காட்சி, இரு பயிற்சி

இதனை வழக்குரை காதையைக் கொண்டு விளக்கலாம். ஒற்றைச் சிலம்புடன் கண்ணகி பாண்டியன் வாயிலில் வந்து நிற்கிறாள். வாயிற்காவலன் அரசனுக்கு அறிவிக்கிறான். அவள் தன் வழக்கை உரைக்கிறாள். கள்வனைக் கொல்லுதல் முறையே என்கிறான் அரசன். சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் அவள். அரசியின் சிலம்பில் இருப்பவை முத்து. சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது, அரசன் வீழ்கிறான்.

நடன மரபில் இக்காட்சியை ஒருவரே ஆடிவிடலாம். காவலன், கண்ணகி, அரசன், அரசி ஆகிய நால்வராகவும் ஒரே ஒப்பனையில் அவர் மாறி மாறித் தோன்றுவார். தோளின் திருப்பம், பார்வையின் உயரம், நிற்கும் நிலை ஆகியவை பாத்திரத்தை வேறுபடுத்தும். காலம் இங்கு நீளவும் குறுகவும் கூடும்: சிலம்பு உடையும் ஒரு கணத்தைப் பல தாளவட்டங்களுக்கு விரிக்கலாம், கண்ணகியின் மணநாளை நினைவாக இடையே புகுத்தலாம். நாடகத்தில் நால்வருக்கு நடிகர் நால்வர். ஒருவர் பேசும்போது மற்றவர் கேட்கவேண்டும். நாடக மாணவன் கற்கும் மிக அரிய பாடம் கேட்பதே ஆகும். தனித்தாடும் நடன மாணவிக்கு இப்பாடம் வாய்ப்பதில்லை.

நாம் வகுப்பில் செய்வித்த பயிற்சி எளியது. முதலில் நடன மாணவி ஒருவர் இக்காட்சியைத் தனித்து ஆடினார். பின்னர் அவரைக் கண்ணகியாக மட்டும் நிறுத்தி, எதிரே அரசனாக ஒரு மாணவரை அமரச் செய்து, வழக்கைத் தம் சொந்தத் தமிழில் உரைக்கச் சொன்னோம். ஆடலில் தயங்காத அவர் இரண்டு தொடர்களுக்குப் பின் நின்றுவிட்டார். தம் கணவன் எக்குற்றத்துக்காகக் கொல்லப்பட்டான், தாம் எதனை மெய்ப்பிக்க வந்திருக்கிறோம் என்பதை அதுவரை வாய்விட்டுச் சொல்ல நேர்ந்ததில்லை என்றார். மறுவாரம் அவர் மூலநூலைத் தாமே வாசித்துவிட்டு வந்தார். அரசனாக அமர்ந்த மாணவருக்கோ வேறொரு பாடம் கிடைத்தது. தம் தீர்ப்புப் பிழை என உணரும் இடத்தில் அவருக்கு வசனம் இல்லை. உடலால் மட்டுமே அதைக் காட்டவேண்டும். நிமிர்ந்திருந்த முதுகு எந்தக் கணத்தில் தளரவேண்டும் என்பதை அந்நடன மாணவியே அவருக்குக் கற்பித்தார். பின்னர் அம்மாணவி அக்காட்சியை மீண்டும் ஆடியபோது முத்திரைகள் மாறவில்லை, பார்வை மாறியிருந்தது.

7. முன்னோடி முயற்சிகள்

பல்கலைக்கழகத்தில் தமிழ்வழி இத்தகைய இணைப்பை நிகழ்த்திக் காட்டிய பெருமை ஈழத்துக்கு உரியது. தமிழ்ப் பேராசிரியர் விபுலானந்த அடிகள் 1926இல் வெளியான மதங்க சூளாமணியில் ஷேக்ஸ்பியர் நாடகங்களையும் வடமொழி நாடக இலக்கணத்தையும் தமிழ்க் கூத்து மரபையும் ஒருங்கு வைத்து நோக்கினார். 1956இல் பேராதனைப் பல்கலைக்கழகச் சூழலில் எதிரிவீர சரச்சந்திர சிங்கள மரபரங்கின் அடிப்படையில் 'மனமே' நாடகத்தைப் படைத்தார். அதே பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் மட்டக்களப்புக் கூத்தை மாணவரைக் கொண்டு மேடையேற்றினார். 1962இல் கர்ணன் போர் அரங்கேறியது. நொண்டி நாடகம், இராவணேசன், வாலிவதை ஆகியவை தொடர்ந்தன. விடிய விடிய ஆடப்பெற்ற கூத்து, பல்கலைக்கழக மேடைக்கு ஏற்பச் சில மணி நேரமாகச் சுருக்கப்பட்டது. இச்சுருக்கம் மரபைச் சிதைத்ததா என்னும் விவாதம் இருந்தபோதும், பட்டதாரி மாணவர் அண்ணாவியாரிடம் ஆடக் கற்றனர் என்பது பெரிய மாற்றமாகும்.

கூத்தில் ஆடலே பாத்திரத்தை அறிமுகம் செய்கிறது. வடமோடி, தென்மோடி என்னும் இருவகையிலும் ஒவ்வொரு பாத்திரத்தின் வரவுக்கும் உரிய தாளக்கட்டும் ஆட்டமும் உண்டு. வட்டக்களரியில் அரசன் வரும் நடை வேறு, வீரன் வரும் நடை வேறு. பேசுவதற்கு முன்னரே அவன் யார் என்பது விளங்கிவிடும். ஆடத் தெரியாத நடிகனுக்கோ பாடவும் பேசவும் தெரியாத ஆட்டக்காரனுக்கோ அங்கு இடமில்லை. அக்கூத்துகளில் மாணவராக ஆடிய சி. மௌனகுரு பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் பேராசிரியராகி இராவணேசனைப் புதிய தலைமுறை மாணவரைக் கொண்டு மீண்டும் மேடையேற்றினார். மேடையில் தொடங்கியது வகுப்பறைக் கல்வியாகத் தொடர்ந்தது.

நம் மண்ணிலும் சான்றுகள் உள. 2005இல் யுனெஸ்கோவின் சிறப்பு அறிவிப்பைப் பெற்ற மாக் யோங் அரங்கில், 'மெங்ஹாடாப் ரெபாப்' என்னும் தொடக்கப் பகுதியில் கலைஞர்கள் ரெபாப் கருவியை நோக்கி அமர்ந்து பாடியவாறே ஆடுவர். அதன்பின் அவர்களே கதைப் பாத்திரங்களாகிப் பேசி நடிப்பர். கிளந்தானைச் சேர்ந்த மலாய்க் கலைஞரிடம் இது நடனமா நாடகமா எனக் கேட்பது பொருளற்றது. சிங்கப்பூரில் சாந்தா பாஸ்கர் 1958இல் சீனக் காதல் கதையாகிய 'வண்ணத்துப்பூச்சிக் காதலர்'களைப் பரதநாட்டிய நாடகமாக்கினார். 1977 முதல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் இந்திய நடனக் குழுவையும் வழிநடத்தினார். 2000ஆம் ஆண்டில் கோ பாவ் குன்னும் தி. சசிதரனும் சிங்கப்பூரில் தொடங்கிய நடிப்புப் பயிற்சித் திட்டத்தில் கூடியாட்டம், பெய்ஜிங் ஆப்பெரா, நோ, வாயாங் வோங் ஆகிய நான்கு ஆசிய மரபுகள் கற்பிக்கப்பட்டன. நான்கிலும் ஆடும் உடலும் பேசும் உடலும் ஒன்றே.

8. ஒரு பருவத்துக்குரிய பாடம்

புதிய துறையையோ புதிய பட்டத்தையோ தோற்றுவித்த பின்னரே இதனைத் தொடங்கவேண்டும் என்பதில்லை. பதினான்கு வாரங்கள் கொண்ட ஒரு பருவத்தில் ஒரு பாடமாக இதனை அமைக்கலாம் என்பது நம் கருத்து.

முதல் மூன்று வாரங்கள் உடலுக்கும் குரலுக்கும் உரியவை. நடன மாணவர் ஆத்திசூடி போன்ற எளிய நூலிலிருந்து தொடங்கி வாய்விட்டு வாசிக்கவும், நாடக மாணவர் அடிப்படை அடவுகளையும் நிலைகளையும் பழகவும் வேண்டும். ஒருவர்க்கு மற்றவரே துணையாசிரியர். நான்காம் வாரம் முதல் ஆறாம் வாரம் வரை மெய்ப்பாடு எட்டும் மேற்கூறிய நான்கு நிலைகளில் பயிலப்படும். இக்காலத்தில் தொல்காப்பிய உரையும் அரங்கேற்று காதையும் பாடநூல்களாகும். அடுத்த மூன்று வாரங்களில் பாத்திர வரவு, கேட்டல், ஒருவரே பலராதல் ஆகிய பயிற்சிகள் நடைபெறும். பத்தாம் வாரம் முதல் குழுவாகச் சேர்ந்து இருபது நிமிட ஆக்கம் ஒன்றை உருவாக்கி, பதினான்காம் வாரத்தில் மேடையேற்றுவர்.

மதிப்பீட்டில் மேடையாக்கத்துக்கு மட்டும் புள்ளிகளை ஒதுக்கினால், முன்பே பயிற்சி பெற்றவர் எளிதில் முந்திவிடுவர். ஆதலின் வாரந்தோறும் எழுதும் பயிற்சிக் குறிப்பேட்டுக்கும், தெரிந்தெடுத்த ஒரு பனுவலை ஆடலுக்கும் நடிப்புக்கும் உரியதாக விளக்கும் இடுபணிக்கும் போதிய பங்களிக்க வேண்டும். மாணவர் எங்கிருந்து தொடங்கி எங்கு வந்து சேர்ந்தார் என்பதையே அளக்கவேண்டும்.

9. எதிர்ப்படும் தடைகள்

இம்முயற்சிக்கு எழும் முதல் மறுப்பு ஆழம் பற்றியது. நடனம் ஒன்றையே பத்தாண்டுகள் பயின்றும் நிறைவெய்தாத நிலையில், இரண்டையும் மூன்றாண்டில் கற்பது இரண்டிலும் அரைகுறையாக முடியும் என நடன ஆசிரியர் சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்தில் நியாயம் உண்டு. பல்கலைக்கழகத்தால் மூன்றாண்டில் ஒரு நடனமணியை உருவாக்க இயலாது. அது குருவின் பணி. பல்கலைக்கழகம் செய்யக்கூடியது, குருவிடம் பெற்ற கலையைப் பொருளறிந்து நோக்கவும் வேறொரு கலையின் கண்கொண்டு சோதிக்கவும் வாய்ப்பளித்தல். ஆகவே ஒவ்வொரு மாணவரும் ஒன்றை முதன்மையாகவும் மற்றொன்றைத் துணையாகவும் கொள்வதே பொருத்தமாகும்.

இரண்டாவது தடை ஆசிரியர் பற்றியது. இரண்டிலும் தேர்ந்த ஒருவரைத் தேடிக்கொண்டிருந்தால் பாடம் தொடங்காது. அரங்கேற்று காதை இதற்கு வழிகாட்டியுள்ளது: ஆசிரியர் பலராகவும் ஒருவர் பணியை மற்றவர் அறிந்தவராகவும் இருந்தால் போதும். பட்டமில்லாத மரபுக் கலைஞரைப் பகுதிநேர ஆசிரியராக அமர்த்துவதில் நிர்வாக விதிகள் குறுக்கிடுவதுண்டு. பேராதனை மாணவர் ஆடக் கற்றது அண்ணாவியாரிடம் என்பதை நாம் நிர்வாகத்துக்கு நினைவூட்டலாம்.

மூன்றாவது, வேலைவாய்ப்பு. நம் பட்டதாரிகளுள் பலர் ஆசிரியராகின்றனர். எஸ்.பி.எம். தமிழ் இலக்கியப் பாடத்தில் கவிதை, நாவலோடு நாடகமும் ஒரு கூறாக உள்ளது. நாடக நூலை வாசித்துக் குறிப்பெடுக்கச் செய்யும் ஆசிரியருக்கும், ஒரு காட்சியை மாணவர் எழுந்து நின்று நடிக்கச் செய்யும் ஆசிரியருக்கும் வகுப்பறையில் பெரும் வேறுபாடு உண்டு.

10. முடிவுரை

ஆடலும் நாடகமும் ஒருசேரக் கற்கப்படவேண்டும் என்னும் கருத்து புதிய கண்டுபிடிப்பன்று. கூத்து என்னும் சொல்லிலும் அரங்கேற்று காதையிலும் மெய்ப்பாட்டியல் உரையிலும் அது முன்பே உள்ளது. ஈழத்துப் பல்கலைக்கழகங்களில் நடைமுறையிலும் காட்டப்பட்டுள்ளது. நம் நாட்டில் இதன் தேவை மேலும் மிகுதி. இங்குத் தமிழ், அதைப் பேசும் நாவளவில் சுருங்கிவரும் மொழி. பரதநாட்டியத்தையோ பல குடும்பங்கள் பொருட்செலவையும் காலத்தையும் பாராது தம் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகின்றன. அப்பிள்ளைகளின் கைகள் ஏற்கெனவே தமிழைப் பேசிக்கொண்டிருக்கின்றன. அவர்கள் நாவுக்கும் அது வந்து சேரவேண்டும். அப்பொறுப்பு நடனப் பள்ளிக்கு மட்டும் உரியதன்று. தமிழைப் பாடமாகக் கொண்ட துறைகளுக்கே முதன்மையாக உரியது. ஒரு பருவம், ஒரு பாடம், ஒட்டுநாடாவால் அளந்த ஏழு கோல் அகலம் ஆகியவை தொடங்குவதற்குப் போதுமானவை என்க.